புகைக்கூடத்து முனி

எல்லாம் ஆரம்பித்தது துரைசானியின் நாய் செத்த அன்று. அந்த வருஷம் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல் கண்டு பலர் செத்திருந்தார்கள். அதில் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை.

நாய் பங்களாவின் சாமான் அறைக்குள் புகுந்து எதையோ நக்கியது. மத்தியானத்துக்குள் நுரை தள்ளி விறைத்துவிட்டது. துரையும் துரைசானியும் அந்தத் தோட்டத்துக்குப் புதிது. துரைசானி மூக்கைப் பொத்திக்கொண்டு அறையைத் திறக்கச் சொன்னார். முன்பிருந்த துரை கல்யாணம் ஆகாதவர், எதையும் எறியாதவர். எலிப் பாஷாணம், ஈ ஒட்டும் காகிதம், கரப்பான் பொடி, போட்டோ கழுவும் மருந்து, ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகம் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில். பங்களா நடைபாதையில் லாலான் புல் முளைக்காமலிருக்க வாங்கிய பாஷாணம் டின் டின்னாக. பாதி டின்களில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கரையான் தின்றிருந்தது. எதற்குள் எது என்று பழைய துரைக்குத் தெரிந்திருக்கும். அவர் சீமைக்குப் போய்விட்டார்.

டிரெசரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அமலநாதன் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் டிரெசர். ஆஸ்பத்திரி என்றால் ஒரு பலகைக் கட்டிடம், சில கட்டில்கள், ஒரு மருந்து அலமாரி. நாடி பார்ப்பது, கட்டுப் போடுவது, மருந்து கலக்குவது, செத்தவனைப் பதிவது எல்லாம் அவர். பெரிய டாக்டர் ஜோகூர் பாருவிலிருந்து மாதம் ஒருமுறை காரில் வருவார். கையெழுத்துப் போடுவார். பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

துரைக்குத் தமிழ் தெரியும். வேலை ஏவத் தேவையான அளவு கற்றிருந்தார்.

"நீ எடு. நீ பொதை. தூரமா போ. யாரும் தொடாது" என்றார்.

"ஆத்துல கொட்டிறலாங்களா, தொரை?"

"ஆறு வேண்டாம். மலாய்க்காரன் கம்பத்து எருமை சாவும். கவர்மெண்டு கேக்கும்."

"எரிச்சுப் பாத்தா?"

"பொகை பங்களா வரும்."

துரை நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு கூலி தொட்டு செத்தா நான் சொல்லும், டிரெசர் பொதைச்சது. அப்புறம் நீ ஊருக்குப் போ."

அந்த வருஷங்களில் ஊருக்குப் போ என்பது வெறும் அதட்டல் இல்லை. ரப்பர் விலை விழுந்து, கப்பல் கப்பலாக ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமலநாதன் பிறந்தது மலாயாவில். அவருக்கு ஊர் என்பது அப்பா சொல்லிக் கேட்ட ஒரு ரயிலடி.

இடத்தை அவரே தேர்ந்தார். பழைய புகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மேடு. தண்ணீருக்குத் தூரம். ரப்பர் ஷீட்டைப் புகை போட்ட காலத்தில் ஆள் நடமாட்டம் இருந்தது. கூரை விழுந்த பிறகு யாரும் வருவதில்லை. விஷயம் நாலு பேருக்குத் தெரியக் கூடாது என்று தானே மண்வெட்டியைப் பிடித்தார். அதற்கு முன் அவர் பிடித்த கனமான ஆயுதம் இடுக்கி. முழங்கால் ஆழம் போவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. போதும் என்று தோன்றியது. குடுவையை இறக்கி, டின்களை அடுக்கி, மூடி, மிதித்தார்.

மிதித்து முடித்த பிறகுதான் லயம் ஞாபகத்துக்கு வந்தது.

பங்களா குப்பைக்குழியில் விழும் எதுவும் லயத்துக்குப் போய்விடும். பிஸ்கட் டின் நகைப்பெட்டி ஆகும். ஜாம் டின் விளக்கு ஆகும். மண்ணெண்ணெய் டின் குடம், அடுப்பு, தொட்டி, தூக்குவாளி, மழைக்கால முக்காலி எல்லாம் ஆகும். பால் வெட்டும் காளியம்மா வீட்டில் துரை குடித்த விஸ்கி பாட்டில்களில்தான் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய். புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"ஒரு போர்டு எழுதி வைங்க" என்றாள் கெர்ட்ரூட்.

"யாரு படிப்பா?"

"மண்டை ஓடு வரைங்க."

"காளி கோயில்னு கற்பூரம் கொளுத்துவான்."

"சிலுவை நட்டு வச்சா?"

"பொணத்தோட நகையும் போட்டுப் பொதைச்சிருப்பாங்கன்னு தோண்டுவான்."

"அப்ப நீங்களே போய் அது மேல ஒக்காந்துக்குங்க."

அவர் உட்காரவில்லை. யோசித்தார். பள்ளத்துப் பக்கம் முனி நடமாட்டம் என்று சொல்லி, அந்த மர நிரையில் பால் வெட்டப் போக ஆட்கள் மறுத்தது நினைவுக்கு வந்தது. துரை கத்தியும் போகவில்லை. கூலிகள் துரைக்குப் பயப்படுவார்கள். முனிக்கு அதைவிட அதிகமாகப் பயப்படுவார்கள்.

மறுநாள் ஓர் ஆள் தலை அளவு கல்லைப் புரட்டிக்கொண்டுபோய்க் குழியின்மேல் நிறுத்தினார். குங்குமத்துக்கு அவர் எங்கே போவார்? புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்தைப் பூசினார். உடைந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியை வளைத்துச் சூலம் ஆக்கினார். சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்தினார். பிறகு லயத்துக் கூலி மணியத்தைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சொன்னார். ஒரு விஷயம் தோட்டம் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் மணியத்திடம் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"பொகைக்கூடத்துப் பக்கம் போயிராதே. முனி எறங்கியிருக்கு. பொல்லாதது."

"அலமாக்! நீங்க பாத்தீங்களாய்யா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ஒசரமா" என்றார் அமலநாதன்.

ஒரு மாதம் அந்தப் பக்கம் ஈ காக்கை போகவில்லை. அமலநாதன் தன் புத்தியை மெச்சிக்கொண்டார். அந்தச் சனங்கள் சாமிக்குப் பயப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பயந்தவன் எங்கே போய் நிற்பான் என்பதை அவர் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை.

மணியத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூன்றாம் முறை. ஆஸ்பத்திரியில் கிடந்து பிதற்றினான். அமலநாதன் அவன் மூக்கைப் பிடித்துக் கொய்னா மருந்து ஊற்றினார். அவன் துப்பினான். மறுபடி ஊற்றினார். காய்ச்சல் இறங்கியது. எழுந்து நடக்க முடிந்ததும் மணியம் நேராகப் புகைக்கூடத்துக்குப் போய்த் தேங்காய் உடைத்தான்.

"டேய், பொழச்சது கொய்னாவாலடா" என்றார் அமலநாதன்.

"சரிங்கய்யா. அதே கொய்னாவத்தானே எல்லாருக்கும் குடுத்தீங்க. எல்லாருமா பொழச்சாங்க?"

அமலநாதன் மருந்து அலமாரியைப் பூட்டினார்.

அதற்குப் பிறகு கூட்டத்தைத் தடுக்க முடியவில்லை. சாதுவான சாமி லயத்துக் கோயிலில் ஏற்கனவே ஒன்று இருந்தது. அது கேட்டதைக் கொடுத்ததில்லை. இது டிரெசரே பயப்படும் சாமி. காய்ச்சல்காரர்கள் வந்தார்கள். கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தவர்கள் வந்தார்கள். பிள்ளை இல்லாதவள் சூலத்தில் தொட்டில் கட்டினாள். கல்லுக்கு மஞ்சள் துணி வந்தது. நாலு கால் நட்டு அத்தாப்பு ஓலைக் கூரை வந்தது. பிறகு பெரிய கங்காணி வீரமுத்து வந்தார்.

வீரமுத்துவுக்கு ஒரு குறை. லயத்துக் கோயிலைக் கட்டியவர் இன்னொரு கங்காணி. தீ மிதித் திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான் விழும். மேட்டைச் சுற்றி நடந்து பார்த்த வீரமுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் வேலை தொடங்கும் என்றார். முறைப்படி கல்லை எடுத்து, இடுப்பு ஆழம் தோண்டி, அடியில் செப்புத் தகடு வைத்து, மேலே முனியை உட்கார வைக்க வேண்டும். கிடா வெட்டு உண்டு. அங்கேயே சமையல். அங்கேயே பந்தி.

அமலநாதன் அவரைத் தேடிப் போனபோது வீரமுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மணியம் முதுகு பிடித்துக்கொண்டிருந்தான்.

"அங்க தோண்டக் கூடாது கங்காணி. அடியில வெஷம் இருக்கு. நான்தான் பொதைச்சேன்."

வீரமுத்து ஒரு கண்ணைத் திறந்தார். "வெஷத்து மேல ஒக்காராத முனி எங்க இருக்கு டிரெசர் ஐயா? நம்ம சிவன் வெஷத்த முழுங்கியே வச்சிருக்காரு."

"கதை பேசாதீங்க. பங்களாச் சாமான். பாஷாணம். தொட்டா சாவு."

"ஒங்க சாமிக்கு இந்தத் தோட்டத்துல கோயில் இல்லன்னு ஒங்களுக்கு வருத்தம். எனக்குப் புரியுது. அதுக்காக எங்க சாமிய வெஷம்னு சொல்லலாமா?"

"முனியே கெடையாதுய்யா அங்க! கல்லு நான் வச்சது. அது குங்குமம் இல்ல, புண்ணு மருந்து!"

"ஒங்க கையால வைக்கணும்னு அதுக்குத் தோணியிருக்கு. வேத்து மதத்து ஆளையே தூக்க வச்சிருச்சுன்னா எப்பேர்ப்பட்ட முனி, பாத்தியாடா மணியம்?"

மணியம் வேறு யோசனையில் இருந்தான். "பொதைச்ச சாமான்லாம் டின்னுலயாங்கய்யா இருக்கு?"

"ஆமா."

"எத்தாம் பெரிய டின்னு? மூடி உண்டா?"

 உண்மையைச் சொல்லி அமலநாதன் ஒரு புது ஆபத்தைத்தான் உண்டாக்கியிருந்தார். பங்களாவுக்குப் போனார்.

துரை ஞாயிற்றுக்கிழமை ஜோகூர் பாரு கிளப்புக்குப் போவதற்குச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"நீ நிறுத்து."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க, தொரை."

"சாமி விஷயம் நான் சொல்லாது. கூலி கோவம் வரும். வேற தோட்டம் ஓடும்." கழுத்துப்பட்டியைக் கண்ணாடியில் சரி செய்தார். "நீ பொதைச்சது. நீ நிறுத்து."

ஞாயிற்றுக்கிழமை அமலநாதன் வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, தொப்பியுடன் மேட்டுக்கு ஏறினார். அரசாங்க ஆள் போல இருந்தால் கேட்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கிடா இலை தின்றுகொண்டிருந்தது. அடுப்புக்குக் கல் கூட்டியிருந்தார்கள். பிள்ளைகள் மண்ணில் உருண்டன. செப்புத் தகடு தாம்பாளத்தில் இருந்தது. செல்லப்பன் என்ற மண்வெட்டுக்காரன், வேட்டியை மடித்துக் கட்டி, தயாராக நின்றான். கல்லை ஏற்கனவே புரட்டி ஒதுக்கியிருந்தார்கள்.

"நிறுத்துங்க!" என்றார் அமலநாதன்.

மேளம் நிற்கவில்லை. யாரோ அவருக்கு மரியாதையாக ஒரு முக்காலி கொண்டுவந்து ஓரமாகப் போட்டார்கள்.

"ஐயா, இங்க ஒக்காருங்க. பூசை முடிஞ்சதும் ஒங்களுக்குத் தலைக்கறி."

செல்லப்பன் மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கினான். அவன் ஓங்கிப் போடுகிற ஆள். குடுவை எவ்வளவு மேலாக இருக்கிறது என்பது அமலநாதனுக்குத் தெரியும். முதல் போடு மண். இரண்டாவது கண்ணாடி. திராவகம் தெறிக்கும் தூரத்தில் பிள்ளைகள்.

தொப்பி கீழே விழுந்தது. விழுந்ததா, அவர் எறிந்தாரா என்று அவருக்கே தெரியாது. ஊளையிட்டபடி செல்லப்பனுக்கும் குழிக்கும் நடுவில் பாய்ந்தார். குதிக்கத் தொடங்கினார்.

சாமியாடுவதை அவர் வருஷா வருஷம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். ஆடி முடிந்து காயத்தோடு வருபவர்களுக்குக் கட்டுப் போடுவதும் அவர்தான். ஆனால் பார்த்தது வேறு, கால் அறிந்தது வேறு. கால் அறிந்தது பள்ளிக்கூடத்து டிரில் மட்டும். இடது, வலது, இடது, வலது என்று அவர் ஆடினார்.

"ஐயோ, டிரெசருக்கு இழுப்பு!" என்றாள் ஒருத்தி.

"இழுப்பு இல்லடி. சாமி" என்றாள் காளியம்மா. பிறகு உற்றுப் பார்த்தாள். "என்ன சாமி இது, பரேடு போவுது?"

மேளக்காரன் தாளத்தை மாற்றிக் கொடுத்தான். கொஞ்சம் பொருந்தியது. வீரமுத்து கைகூப்பி முன்னால் வந்தார். முறைப்படி விசாரிக்க வேண்டும்.

"வந்திருக்கறது யாரு?"

"முனி!"

"எந்த முனி?"

முனிகளில் வகை உண்டு என்பது அமலநாதனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "பொகைக்கூடத்து முனி!" என்றார்.

கூட்டம் முணுமுணுத்தது. அப்படி ஒரு முனியை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே உண்மையாக இருக்கலாம்.

"என்ன வேணும் சாமி? கெடாவா, சேவலா, சாராயமா?"

"ஒண்ணும் வேணாம்! தோண்டாதே!"

அங்கேதான் தவறிவிட்டார். மேளம் நின்றது. வீரமுத்து கைகளைப் பிரித்தார்.

"கெடா வேணாங்கற முனி எங்கயாச்சும் உண்டா?" என்றாள் காளியம்மா. "இது முனி இல்லலா. மிஷன் பேய். ஞாயித்துக்கெழமையாப் பாத்து வந்திருக்கு பாரு."

கூட்டம் சிரித்தது. செல்லப்பன் எச்சிலைத் துப்பிக் கையில் தேய்த்துக்கொண்டு மறுபடி மண்வெட்டியை எடுத்தான்.

"கெடா வேணும்!" என்று முனி அலறியது. "ஆனா இங்க வெட்டாதே! இங்க சமைக்காதே! இங்க திங்காதே! பிள்ளைங்கள இங்க கூட்டிக்கிட்டு வராதே! வெட்டுன கையச் சோப்புப் போட்டுக் கழுவு!"

"சோப்பா?" என்றார் வீரமுத்து.

"சோப்பு! நகத்துக்கு உள்ளயும் கழுவு!"

"இவ்வளவு நாளா இது ஆஸ்பத்திரியிலதான் குடியிருந்துச்சு போல" என்றாள் காளியம்மா.

வீரமுத்து சிரிக்கவில்லை. அவர் கோயில் பேய்க் கோயிலாகிவிடக் கூடாது. சாமியா, பேயா, வெறும் டிரெசரா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கட்டிச் சூடத்தை எடுத்தார்.

"உண்மையான முனின்னா கையில வாங்கு."

அமலநாதன் சூடத்தைப் பார்த்தார். தீக்காயம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். முதலில் சிவக்கும், பிறகு கொப்பளிக்கும், இந்தச் சீதோஷ்ணத்தில் சீழ் பிடிக்கும். வலது கையால்தான் அவர் மருந்து அளக்கிறார். முதல் கட்டளையும் தெரியும். என்னையன்றி உனக்கு வேறு தேவர்கள் இருக்க வேண்டாம். அவர் தானே தேவராக நிற்பதைப் பற்றி அதில் சொல்லியிருந்ததாக நினைவில்லை. செல்லப்பன் இன்னும் மண்வெட்டியோடு குழியின் விளிம்பில் நின்றான்.

இடது கையை நீட்டினார்.

சூடம் எரிந்தது. எரிந்து முடியும்வரை கை இறங்கவில்லை. அணைகிற சமயத்தில் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த ஆட்டத்தில் அதுவரை வந்தவற்றில் அது ஒன்றுதான் நிஜம். கூட்டம் அதைப் புரிந்துகொண்டது. வீரமுத்து முதலில் விழுந்தார். எல்லாரும் விழுந்தார்கள். காளியம்மா கடைசியாக விழுந்தாள்.

"கம்பி வேலி போடு!" என்றது முனி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தூரமா விட்டுச் சுத்திப் போடு! உள்ள யாரும் கால் வைக்காதே! கல்லு எடுக்காதே! மண்ணு எடுக்காதே! டின்னு எடுக்காதே!"

"டின்னு..." என்றான் மணியம் மெதுவாக.

"எடுக்காதே!"

மறுநாள் பொழுது சாய்வதற்குள் வேலி நின்றது. நல்ல கனமான கம்பங்கள். இழுத்துக் கட்டிய முள்கம்பி. குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றி மாடு நுழையாமல் ஒரு வேலி போடச் சொல்லி அமலநாதன் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கெர்ட்ரூட் அவர் கையைக் கழுவிக் களிம்பு தடவினாள்.

"பாதிரியார் வந்தா கேப்பாரு."

"தீக்காயம்னு சொல்லு."

"எப்படிப் பட்டுச்சுன்னு கேப்பாரு."

"உண்மையச் சொல்லு."

"எதச் சொல்ல? சாமி வந்து ஆடினீங்கன்னா, சாமி வராம ஆடினீங்கன்னா?" துணியைச் சுற்றினாள். "ரெண்டுல எது பெரிய பாவம்?"

 

ஆஸ்பத்திரியில் வேலை இலேசாகிவிட்டது. கொய்னாவை யாரும் துப்பவில்லை. வரிசையில் நின்று, குனிந்து வாங்கிக் குடித்தார்கள். காளியம்மா மட்டும் வலது கையால் கொடுத்த மருந்தை வாங்க மறுத்தாள்.

"அந்தக் கையால குடுங்கய்யா. துணி சுத்தியிருக்கே, அந்தக் கை."

துரை வேலியை வந்து பார்த்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். ரொம்பத் திருப்தி. அந்தத் திருப்தியை அவர் கிளப்பில் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த வாரமே ஒரு மாட்டுவண்டி பங்களா வாசலில் வந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்து வண்டிக்காரன் சின்னத்தம்பி ஓட்டிவந்திருந்தான். சாக்குக்கு அடியில் டின்கள், குப்பிகள், திராவகக் குடுவைகள்.

"இது என்ன?" என்றார் அமலநாதன்.

"எங்க தொரை வீட்டச் சுத்தம் பண்றாருங்க. அப்புறம் அவரு சிநேகிதரு வீடு. அவரு சிநேகிதரு வீடு. ஒங்க தோட்டத்துல இதப் பத்திரமா வைக்கறதுக்கு ஒரு எடம் இருக்காமே."

துரை படியில் நின்றார். "நீ தோண்டு. அதே எடம்."

அமலநாதன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். வேலிக்குள் ஒரு மண்வெட்டி போனால் போதும். முனி சொன்னது பொய் என்றாகிவிடும். அன்றைக்கே உள்ளே ஆட்கள் டின் தேடுவார்கள்.

"முடியாதுங்க தொரை."

துரைக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. "என்ன?"

"சாமி ஒத்துக்காது."

"நீதான சாமி!" துரை சிரித்தார்.

"வந்தா வரும். நானாக் கூப்பிட முடியாதுங்க. மீறித் தோண்டினா லயத்துல கலாட்டா ஆகும். ஆளுங்க வேற தோட்டத்துக்கு ஓடிருவாங்க."

துரை சிரிப்பதை நிறுத்தினார். லயம் இருந்த பக்கம் பார்த்தார். எதற்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் காலையில் பால் வெட்ட ஆள் இல்லையென்றால் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"சரி. வேண்டாம்." சின்னத்தம்பி பக்கம் திரும்பினார். "நீ எடு. போ."

"எங்கங்க தொரை?"

"எங்கயாவது. இங்க வேண்டாம்."

உள்ளே தேநீர் வந்திருந்தது. துரை போனார்.

அமலநாதன் வாசலில் நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு துரையிடம் முடியாது என்று சொல்லி, அது நடந்தும் விட்டது. அந்த ருசி வாயில் இருக்கும்போதே வண்டி திரும்பியதைக் கவனித்தார். கோத்தா திங்கி ரோட்டுக்குத் திரும்பவில்லை. ஆற்றுப் பாதைக்குத் திரும்பியது.

"அந்தப் பக்கம் எங்கடா போற?"

"எங்கயாவதுன்னாருல்லங்க." சின்னத்தம்பி மாட்டின் வாலை முறுக்கினான். "எங்கயாவதுன்னா ஆறுதான். வேற எது?"

ஆற்றுப் பாலத்துக்குக் கீழேதான் லயத்துப் பெண்கள் துவைக்கும் படித்துறை. அதற்குக் கீழே மலாய்க்காரர்களின் கம்பம். அதற்கும் கீழே கோத்தா திங்கி டவுன். அமலநாதன் கணக்குப் பார்த்தார். இந்த வண்டியை அவர் ஏற்றவில்லை. இதை அவர் புதைக்கவும் இல்லை. நாளை எவன் செத்தாலும் டிரெசர் புதைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வேலைக்கு ஒரு குறையும் வராது. பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

வண்டி வளைவுக்குப் போய்விட்டது.

"டேய்!" என்று ஓடினார். "திருப்புடா!"

"எங்கங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. துரைக்குச் சொந்தமில்லாத இடம், லயத்துக்குப் பக்கமில்லாத இடம், தண்ணீர் போகாத இடம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

"என் வீட்டுக்கு."

சின்னத்தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். சாமி வந்த ஆள் என்று கேள்விப்பட்டிருந்தான். மறுபேச்சு இல்லாமல் வண்டியைத் திருப்பினான்.

கெர்ட்ரூட் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"பின்னறை பூட்டு நல்லா இருக்கா?" என்றார் அமலநாதன்.

"அரிசி, பருப்பு எல்லாம் அங்கதானே இருக்கு."

"கட்டிலுக்கு அடியில வைப்போம்."

"எத்தன நாளைக்கு?"

 அவள் முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள்.

"எங்க தொரைகிட்ட என்ன சொல்றதுங்க?" என்றான் சின்னத்தம்பி.

"பத்திரமா வச்சாச்சுன்னு சொல்லு" என்றாள் கெர்ட்ரூட்.

முதலில் பெரிய குடுவை. ஒற்றைக் கையால் அதைத் தூக்க முடியவில்லை. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்தாள். உள்ளே திராவகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"மெதுவா" என்றார்.

"மெதுவாத்தான் வரேன். நீங்க படியப் பாருங்க."